அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சு?
வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு. போன மாசம் ஃப்ளூ வந்து நிமோனியாவாகி ஐசியூல இருந்தார். அங்க கம்ப்யூட்டர்ல ஏதோ ஏஐ சாஃப்ட்வேர் 'உயிராபத்து 60 சதவீதம்'னு காட்டுதுன்னு சொன்னாங்க, அன்னிலேருந்து எங்க வீட்ல யாருக்கும் சோறு இறங்கல. இப்ப அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். அப்போ அந்த மெஷின் சொன்னது தப்பா டாக்டர்? (வாசகி, நாமக்கல்)

பதில்: அப்பா திரும்பி வந்தது ரொம்ப சந்தோஷம்மா. மெஷின் தப்புன்னு இத வெச்சு மட்டும் சொல்லிட முடியாது. அப்பா மாதிரி வயசும் ரத்த ரிப்போர்ட்டும் இருந்த 100 பேர்ல 60 பேர் இறந்திருக்காங்கன்னு அது சொல்லுது, மிச்ச 40 பேர்ல ஒருத்தரா உங்க அப்பா வந்திருக்கலாம். யாரு அந்த 40 பேருன்னு அதுக்குத் தெரியாது.

ஒரு உதாரணம் சொல்றேன். கொரோனா வந்த புதுசுல, அட்மிட் ஆனவங்களுக்கு உயிராபத்து எவ்வளவுன்னு மார்க் போட்டு கணிக்க பிரிட்டன்ல 4சி ஸ்கோர்னு ஒண்ணு உருவாக்கினாங்க, 2020 பிப்ரவரிலேருந்து மே வரைக்கும் அட்மிட் ஆன 35,463 பேரோட விவரத்த வெச்சு. வயசு, ஆணா பெண்ணா, எத்தன பழைய வியாதி, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவு தெளிவா இருக்கா, ரத்தத்துல யூரியா, சிஆர்பி (உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற ரத்த டெஸ்ட்), இந்த எட்டுதான், மொத்தம் 21 மார்க், மார்க் ஏற ஏற ஆபத்து ஜாஸ்தி. 70லேருந்து 79 வயசுன்னாலே 6 மார்க் ஏறிடும். 15ம் அதுக்கு மேலயும் வாங்கினவங்கள்ல 100க்கு 62 பேர் இறந்தாங்க, 38 பேர் பிழைச்சாங்க. கம்ப்யூட்டரே டேட்டாவிலேருந்து கத்துக்கற மெஷின் லேர்னிங்ங்கிற ஏஐ முறையிலயும் செஞ்சு பாத்தாங்க, இந்த எளிய கூட்டல் கணக்க விட அது பெருசா எதுவும் முந்திடல. இன்னொண்ணையும் கவனிங்க, 2020 ஜூன்லதான் டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தா வென்டிலேட்டர்ல இருக்கிறவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு தெரிய வந்துச்சு, அப்போ அதுக்கு முன்னாடி சேத்த கணக்கு அதுக்கப்பறம் வந்த நோயாளிக்கு அப்படியே பொருந்துமா?

ஊர் மாறினாலும் இதே கததான். சீனாவோட வூஹான்ல 485 கொரோனா நோயாளிங்களோட ரத்தப் பரிசோதனையிலேருந்து எல்டிஹெச் (திசு சேதத்த காட்டற அளவு), லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு), சிஆர்பி மூணையும் எடுத்து, பத்து நாளைக்கு முன்னாடியே யார் இறப்பாங்கன்னு 90 சதவீதத்துக்கு மேல சரியா சொல்றோம்னு 2020ல எழுதினாங்க. அதையே நெதர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கான்னு வேற ஊர் நோயாளிங்ககிட்ட போட்டுப் பாத்தப்ப அந்த அளவுக்கு வரல.

எனக்கு இதுல பெரிய கவலை வேற. 2021 மே மாசம் வார்டுல ஒருத்தர், நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், கட்டில்ல உக்காந்து மகளோட போன்ல சிரிச்சு பேசிட்டிருந்தார். கேஸ் ஷீட்ல மூச்சு நிமிஷத்துக்கு 20னு, அதாவது பயப்பட ஒண்ணுமில்லங்கிற மாதிரி எழுதியிருந்துச்சு. எனக்கு ஏதோ உறுத்த, பக்கத்துல நின்னு வாட்ச்ச பாத்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணினேன், 34. விரல்ல க்ளிப்ப மாட்டினா ஆக்சிஜன் வெறும் 81 சதவீதம். அந்த 20ஐ யாரும் எண்ணல, பழக்கத்துல எழுதினது, ஒரே நர்ஸ் அத்தன கட்டிலயும் பாத்துட்டிருந்த ராத்திரி அது, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அந்த 20 ஒரு ஏஐக்குள்ள போயிருந்தா இவருக்கு ஆபத்து இல்லன்னு சொல்லியிருக்கும், யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. அதனால இப்படி ஒரு நம்பர் சொன்னாங்கன்னா, இந்த ஆஸ்பத்திரி நோயாளிங்ககிட்ட இத சரிபாத்திருக்கீங்களா, இந்த நம்பரால சிகிச்சைல என்ன மாத்தப் போறீங்கன்னு தைரியமா கேளுங்க. அடிக்கடி வந்து பாப்போம், ஐசியூக்கு சீக்கிரமே மாத்துவோம்னு பதில் வந்தா அந்த நம்பர் உங்களுக்கு உதவி பண்ணியிருக்கு.

கேள்வி: இன்ஜினியரிங் கடைசி வருஷம் சார். நெட்ல கிடைச்ச எக்ஸ்ரே படங்கள வெச்சு கொரோனா கண்டுபிடிக்கிற ஏஐ மாடல் பண்ணேன், 98 சதவீதம் அக்யூரசி. ஆஸ்பத்திரிக்கு கொடுக்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: ஆர்வத்துக்கு பாராட்டு தம்பி, கொடுக்கறதுக்கு முன்னாடி உன் படங்கள ஒவ்வொண்ணா கண்ணால பாரு. கேம்பிரிட்ஜ் குழு ஒண்ணு 2021ல இந்த மாதிரி ஆராய்ச்சிகள அலசி, தரத்துல தேறின 62ஐ விரிவா பாத்து, நோயாளிக்கு பயன்படுத்தற நிலையில ஒண்ணுகூட இல்லன்னு சொன்னாங்க. ஒரு முக்கிய காரணம், கொரோனா இல்லாத படம்னு பலரும் எடுத்தது 1லேருந்து 5 வயசு குழந்தைங்களோட எக்ஸ்ரே, கொரோனா படமெல்லாம் பெரியவங்களோடது. மாடல் கொரோனாவ விட்டுட்டு, படம் குழந்தையோடதா பெரியவங்களோடதான்னு பிரிக்கக் கத்துக்கிட்டே மார்க் வாங்கிடும். உன் டேட்டாவுலயும் அது இருக்கான்னு பாரு, வேற ஆஸ்பத்திரி படம் கொஞ்சம் வாங்கி சோதிச்சுப் பாரு, அப்பறம் வர்ற நம்பர எனக்கு எழுது.

கேள்வி: மகனுக்கு டெங்கு. மூணாம் நாள் ரிப்போர்ட்ட ஒரு ஆப்ல போட்டேன், 'ரிஸ்க் கம்மி'னு வந்துச்சு. அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுச்சேன்னு நிம்மதியா இருந்தோம், சாயங்காலம் கைகால் சில்லுன்னு ஆகி அட்மிட் பண்ணோம். இப்ப தேறிட்டான். இனிமே ஆப்ல பாக்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: டெங்குல காய்ச்சல் விடற நேரம்தாம்மா ஆபத்தான நேரம், அதுக்கப்பறம் ஒண்ணு ரெண்டு நாள் ரத்தக்குழாயிலேருந்து நீர் கசியும். மூணாம் நாள் பேப்பர்ல அது தெரியவே தெரியாது, ஆப் பாத்தது அந்த பேப்பர மட்டும்தான். ப்ளேட்லெட் இறங்கறப்ப பிசிவி (ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு, நீர் கசிஞ்சா இது ஏறும்) ஏறுதான்னு திரும்பத் திரும்ப டெஸ்ட் பண்ணி பாக்கணும். விடாத வயித்து வலி, தொடர் வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து படுத்துக்கறது, கைகால் சில்லிடறது, இதுல ஒண்ணு வந்தாலும் ஆப் என்ன சொன்னாலும் உடனே கிளம்பிடுங்க. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், வலி ஊசி போட விடாதீங்க. வீட்ல ஒரு நோட்டு வெச்சு எத்தன மணிக்கு காய்ச்சல், என்ன குடிச்சான், கடைசியா எப்ப யூரின் போனான்னு எழுதிட்டே வாங்க, ஆறு மணி நேரமா போகலன்னா அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க.