44 வயதில் கலாநிதிப் பட்டம்: வேலை எங்கே?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வயது 38, முதுமாணி முடித்துவிட்டேன். பேராதனையில் பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிய யோசிக்கிறேன். முடிக்கும்போது 44 ஆகிவிடும். பிந்திப் பட்டம் எடுத்தால் படிப்பித்தல் தவிர வேறு வேலை கிடைக்காது, அமெரிக்கக் கணக்கே அதைத்தான் காட்டுகிறது என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். உண்மையா?

பதில்: கணக்கு சரி, டீச்சர். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை.

அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் ஆய்வுக் கலாநிதிப் பட்டம் பெறுவோரிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்குகிறார்கள். அதன்படி பட்டம் பெறுவோரின் இடைநிலை வயது (பாதிப் பேர் இதற்குக் குறைவு, பாதிப் பேர் கூட) 31, 32 அளவில் இருக்கும். பௌதிக விஞ்ஞானக்காரர்கள் 30ஐ ஒட்டி முடித்துவிடுகிறார்கள். கல்வியியல்காரர்களுக்கு 38 அளவாகிவிடும். பொறியியல், இரசாயனவியல் பட்டதாரிகளைத் தேடி எடுக்கக் கம்பனிகள் உண்டு. கல்வியியலில் பட்டம் எடுப்பவரில் பலரோ ஏற்கெனவே ஆசிரியர், அதிபர், நிர்வாகி. பட்டம் வந்த பிறகும் அதே கதிரையில்தான் இருப்பார்கள். வயது கூடியவர்கள் கல்வித்துறையில் குவிந்து தெரிவதற்குப் பெரிய காரணம் இதுதான். அவர்கள் கம்பனி வாசலுக்கே போகவில்லை, பிறகு யார் துரத்துவது?

அதற்காக வயதே பொருட்டில்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகூட விஞ்ஞானத்தில் பட்டத்துக்குப் பிறகும் சில வருடங்கள் தற்காலிக ஆய்வாளராக, பெரும்பாலும் வெளிநாட்டில், குறைந்த சம்பளத்தில் இருக்க வேண்டிவரும். 29 வயதில் பெட்டியைக் கட்டிவிடலாம். வீட்டுக் கடனும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருந்தால் இலேசில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வரிசையே வேறு. பல்கலைக்கழக விரிவுரையாளர்களில் பலர் முதற்பட்டத்தில் நல்ல வகுப்பு எடுத்துத் தகுதிகாண் (நிரந்தரமாகுமுன் சோதனைக் கால) விரிவுரையாளராக நுழைந்து, அப்புறம்தான் கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறார்கள். ஆகவே நீங்கள் விண்ணப்பித்தால் வயதுக்கு முன்னால் உங்கள் முதற்பட்ட வகுப்பைத்தான் பார்ப்பார்கள். அது முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ என்றால் 44 பெரிய தடையில்லை. விரிவுரையாளர் ஓய்வு பெறுவது 65இல். வெறும் சித்தி என்றால் விரிவுரையாளர் வேலையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அரச நிறுவனங்களில் நிலைமை இறுக்கம். வெளியிலிருந்து வருபவருக்கு விளம்பரத்தில் வயதெல்லை போடுவது வழக்கம். அங்கேதான் கண் என்றால் பழைய விளம்பரங்கள் சிலவற்றை இப்போதே எடுத்து, உங்கள் 44 அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். ஆய்வுத் தலைப்பையும் தேயிலை இரசாயனம் பக்கம் வைத்து, அங்குள்ள விஞ்ஞானி ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேளுங்கள்.

படிப்பித்தலிலேயே மேலே போக விருப்பமென்றால் விஞ்ஞானக் கல்வியில் தலைப்பு எடுப்பதே நல்லது என்பேன். ஆசிரியர்களைப் பயிற்றும் வேலைக்கு உங்கள் வகுப்பறை வருடங்கள் பலம்தான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம். எதை எடுத்தாலும், பதிவுக் கட்டணம் கட்டுமுன் கற்கை லீவு கிடைக்குமா என்று வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.