கடனாளிப் பிரபு, பண்ணை வீட்டுப் பெண்: உண்மையில் இப்படி ஒரு கல்யாணம் நடந்ததா?

கேள்வி: ரீஜென்சி காலத்து ஆங்கிலக் காதல் கதைகளில், சொத்தெல்லாம் கடனில் மூழ்கிய பிரபு ஒருவர் கிராமத்துப் பெண்ணைக் காதலித்து மணக்கிறார். உண்மையில் யாராவது அப்படிச் செய்தார்களா?

வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் நான். பகலெல்லாம் அடமானப் பத்திரம், இரவில் இந்த மாதிரிக் காதல் கதை என்றே காலம் ஓடியது. அதனால் கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு கதாநாயகியின் வீட்டு வாசலில் நிற்கும் இடத்தில்கூட, ‘ஐயா, உங்கள் எஸ்டேட் மீது எத்தனை அடமானம் இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றும். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உங்கள் கேள்விக்கு அந்தக் கெட்ட பழக்கம்தான் உதவப்போகிறது.

பொதுவாகச் சொன்னால், கடனில் இருந்த பிரபு காதலுக்காகக் கிராமத்துப் பெண்ணைத் தேடிப் போகவில்லை, பணக்காரியைத் தேடித்தான் போனார். அதற்கு அவருடைய சொத்தின் அமைப்பே காரணம். பெரிய குடும்பங்களின் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்கப்பட்டிருக்கும். பட்டம் வகிப்பவருக்கு இருப்பது ஆயுள் அனுபவம் மட்டும். குத்தகைப் பணத்தை வாங்கிச் செலவழிக்கலாம், தன் இஷ்டத்துக்கு நிலத்தை விற்க முடியாது. அம்மாவுக்கு வருடாந்திர ஜீவனத் தொகை, தங்கைகளின் சீர்ப்பணம், தம்பிகளின் பங்கு என்று எல்லாம் அதே குத்தகைப் பணத்தில் கை வைக்கும். மிச்சத்தைச் சூதாட்ட மேஜை தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நூறு அறை கொண்ட மாளிகை. உள்ளே பெருங்காயம் வைத்த டப்பா.

இந்த நிலையில் கையில் ரொக்கமாகப் பெரிய தொகை வர ஒரே நல்ல வழி கல்யாணம். பெண் கொண்டுவரும் சீர்ப்பணத்தில் கடன் அடையும். பதிலுக்கு, அவள் விதவையானால் ஆண்டுதோறும் இவ்வளவு தருவதாகப் பத்திரம் எழுதுவார்கள். ஆயிரம் பவுண்டு சீருக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு என்பது வழக்கமான கணக்கு. பேரம் நடத்துவது வக்கீல்கள். காதல் அதற்குப் பிறகு வந்தால் வரட்டும், அவ்வளவுதான்.

ரீஜென்சி என்பது சரியாக 1811 முதல் 1820 வரை. மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றி, மகன் ஆட்சிப் பொறுப்பு வகித்த ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுக்குள்ளேயே உதாரணம் கிடைக்கிறது. கவிஞர் பைரன் பிரபு கழுத்தளவு கடனோடு 1815 ஜனவரியில் அனபெல்லா மில்பேங்க் என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணந்தார். அந்த வருடம் முடிவதற்குள் வீட்டுக்குள் அமீனா வந்து உட்கார்ந்துவிட்டான். பிரபுக்களைக் கடனுக்காகச் சிறையில் அடைக்க முடியாது, ஆனால் மேஜை நாற்காலிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1816இல் மனைவி பிரிந்தார், பைரனும் நாட்டை விட்டுப் போனார்.

இன்னொருவர் வில்லியம் வெல்லெஸ்லி. நம் சரித்திரப் பாடப் புத்தகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையோடு வருகிற வெல்லெஸ்லி சகோதரர்களுக்கு இன்னொரு சகோதரரின் மகன். 1812இல் காதரின் டில்னி-லாங் என்ற பெண்ணை மணந்தார். இங்கிலாந்தில் பிரபுப் பட்டமில்லாத குடும்பங்களில் இவளைவிடப் பெரிய பணக்காரி இல்லை என்று ஊரே பேசிய பெண். பத்தே வருடத்தில், 1822இல், அவளுடைய வான்ஸ்டெட் மாளிகையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பிறகு மாளிகையையே இடித்துக் கல்லையும் மரத்தையும் விற்றார்கள். 1825இல் காதரின் இறந்துபோனாள். கடனாளி மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் எனக்குத் தெரியாது.

உங்கள் கேள்வியில் இருக்கிற கதை, வரி பிசகாமல் நடந்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ரீஜென்சிக்கு இருபது ஆண்டு முன்னால் நடந்தது, அதைப் பெரிதுபடுத்தாதீர்கள்.

ஹென்றி செசில் 1754இல் பிறந்தவர். பெரியப்பா எக்ஸெட்டர் பட்டம் கொண்ட ஏர்ல், அதாவது உயர்நிலைப் பிரபுக்களில் ஒருவர். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே அடுத்த வாரிசு இவர். அவர்களுடைய பர்லி மாளிகை ஸ்டாம்ஃபோர்டு நகரத்தை ஒட்டி இருக்கிறது. முதலாம் எலிசபெத்தின் தலைமை அமைச்சர் கட்டியது. இப்படி ஒரு வாரிசு கேட்டால் கடன் கொடுக்க எவனும் தயங்கமாட்டான். ‘பெரியவர் கண்ணை மூடியதும் தருகிறேன்’ என்று எழுதி வாங்கிக் கடன் கொடுப்பதே அந்தக் காலத்தில் தனித் தொழில்.

1776இல் ஹென்றி, எம்மா வெர்னன் என்ற பெண்ணை மணந்தார். உஸ்டர்ஷயரில் ஹான்பரி மாளிகைக்கும் அதைச் சுற்றிய நிலங்களுக்கும் ஒரே வாரிசு அவள். பத்துப் பதின்மூன்று வருடத்தில் இருவரும் கடனாளிகள். 1789இல் எம்மா, ஹான்பரி கோயிலின் துணைப் பாதிரியார் வில்லியம் ஸ்னெய்டோடு ஓடிப்போனாள். மனைவியும் போய், பணமும் போய், ஊர் சிரிக்க நின்ற ஹென்றி அந்த ஊரை விட்டே கிளம்பினார்.

ஷ்ராப்ஷயரில் கிரேட் போலஸ் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஜான் ஜோன்ஸ் என்ற பெயரில் ஒருவர் வந்து, ஹாகின்ஸ் என்கிற விவசாயியின் வீட்டில் தங்கினார். ஜான் ஜோன்ஸ் என்பது அந்த வட்டாரத்தில் நம் ஊர் முருகேசன் மாதிரி. கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். வேலை எதுவும் செய்யாமல் கையில் காசு வைத்திருந்தவரை வழிப்பறிக்காரனோ என்று ஊரார் சந்தேகப்பட்டதாக ஒரு கதை உண்டு. அந்த வீட்டுப் பெண் சாரா. 1790 ஏப்ரலில், அதே ஊர்க் கோயிலில், இருவருக்கும் கல்யாணம் நடந்தது. அவருக்கு 36 வயது, அவளுக்கு 16.

நாவலாக இருந்தால் இந்த இடத்தில் மணி அடித்து, பூத் தூவி, முற்றும் போட்டுவிடுவார்கள். ஆனால் அன்று ஹென்றிக்குச் சட்டப்படி ஒரு மனைவி உயிரோடு இருந்தாள். ஓடிப்போனாலும் எம்மாதான் மனைவி. மறுமணம் செய்ய அனுமதிக்கும் விவாகரத்து வேண்டுமானால் அந்தக் காலத்தில் நாடாளுமன்றம் உங்களுக்காகத் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டும். அது நடந்தது 1791இல். ஆக, போலஸ் கோயிலில் நடந்த கல்யாணம் செல்லாது. பெண் வீட்டார் தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெயரைக்கூட அறியாமல் பெண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் காதல் என்று எழுத மாட்டேன். வங்கியில் யாராவது பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கினால் அதற்கு எங்கள் புத்தகத்தில் வேறு சொல் இருக்கிறது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விவாகரத்து கிடைத்ததும் அந்த மனிதர் கைகழுவிவிட்டுப் போகவில்லை. போயிருக்கலாம், செல்லாத கல்யாணம் அவரைக் கட்டுப்படுத்தாது. மாறாக, 1791 அக்டோபரில் லண்டன் பிரெட் தெருவில் இருந்த செயின்ட் மில்ட்ரெட் கோயிலில் சாராவை மறுபடியும் மணந்தார். 1792 தொடக்கத்தில் மகள் சோஃபியா பிறந்தாள். மாதக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் கல்யாணம் மட்டும் தள்ளிப்போயிருந்தால், அந்தக் குழந்தை சட்டத்தின் கண்ணில் தகப்பன் பெயர் இல்லாத குழந்தை. இந்த இடத்தில்தான் எனக்கு ஹென்றி மீது கொஞ்சம் மரியாதை வருகிறது.

பெரியப்பா 1793 டிசம்பரில் இறந்தார். ஹென்றி பத்தாவது ஏர்ல் ஆனார், சாரா கவுண்டஸ் ஆனாள். இங்கே இங்கிலாந்தின் சட்டத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஜெர்மன் சிற்றரசுகளில் பெரிய குடும்பத்து ஆண் கீழ்நிலைப் பெண்ணை மணந்தால், அவளுக்குப் பட்டமும் இல்லை, அவள் பிள்ளைகளுக்கு வாரிசு உரிமையும் இல்லை என்று ஒரு தனிவகைக் கல்யாணமே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் அந்தப் பாகுபாடு கிடையாது. ஏர்லின் மனைவி என்றால் கவுண்டஸ்தான், நேற்றுவரை மாட்டுக்குத் தீவனம் வைத்தவளாக இருந்தாலும் சரி. சீமாட்டிகள் வீட்டுக்குக் கூப்பிடாமல் இருக்கலாம், பட்டத்தைப் பறிக்க முடியாது.

பரம்பரையாகச் சொல்லப்படும் கதை என்னவென்றால், இருவரும் பர்லி மாளிகை வாசலுக்கு வந்து நின்றபோதுதான் ‘இது நம் வீடு’ என்று அவர் சொன்னாராம், அவள் மயங்கி விழுந்தாளாம். டென்னிசன் 1842இல் வெளியிட்ட கவிதை ஒன்று இதையே பாடுகிறது. அதில் கணவன் ஓவியனாக வேஷம் போடுகிறான். முதல் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உண்மை தெரிந்த மனைவி, பிறப்பால் வராத பெருமையின் பாரம் தாங்காமல் வாடி வாடிச் செத்துப்போகிறாள். கல்லூரியில் அதைப் படித்தபோது நான் கண்ணீர் விட்டேன். இப்போது படித்தால் கோபம்தான் வருகிறது.

சாரா இறந்தது 1797 ஜனவரியில், 23 வயதில். அந்த மாதம் முதல் தேதிதான் தாமஸ் என்ற மகனைப் பெற்றிருந்தாள். 1792 முதல் அது நான்காவது பிரசவம். நடுவில் ஒரு குழந்தை போய்விட்டது. ஐந்து வருடத்தில் நான்கு பிள்ளை பெற்று, பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் செத்த பெண்ணுக்கு ‘பதவியின் பாரம்’ என்று காரணம் எழுதுவது எவ்வளவு சௌகரியம்! கிராமத்துப் பெண்ணுக்கு மாளிகை ஒத்துவராது, குடிசையில் பிறந்தவள் குடிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிற கவிதை அது. அந்தக் காலத்தில் சீமாட்டிகளும் பிரசவத்தில் செத்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பட்டம் தாங்காமல் செத்தாள் என்று பாடவில்லை.

தாமஸ் லாரன்ஸ் வரைந்த படம் ஒன்று இருக்கிறது: ஹென்றி, சாரா, குழந்தை சோஃபியா. மயங்கி விழுகிற பெண்ணாக அதில் சாரா எனக்குத் தெரியவில்லை.

ஹென்றி 1800இல் மூன்றாவதாக மணந்துகொண்டார், அடுத்த ஆண்டு ஏர்லுக்கு மேற்படியான மார்க்குவிஸ் ஆனார், 1804இல் இறந்தார். பட்டம் சாராவின் மகன் பிரவுன்லோவுக்குப் போனது. போலஸ் விவசாயியின் அந்தப் பேரன்தான் 1844இல் விக்டோரியா மகாராணியைப் பர்லி மாளிகையில் வரவேற்று விருந்து வைத்தார். அதே வருடம் சோஃபியாவின் மகள், வெலிங்டன் பிரபுவின் (அவரும் வெல்லெஸ்லி சகோதரர்களில் ஒருவர்) இளைய மகனை மணந்தாள். மூன்றாம், நான்காம் வெலிங்டன் பிரபுக்கள் அவள் பெற்ற பிள்ளைகள். அதாவது வான்ஸ்டெட்டை ஏலம் விட்ட அதே வெல்லெஸ்லி குடும்பத்துக்குள் ஹாகின்ஸ் வீட்டு ரத்தம் போய்ச் சேர்ந்தது. எந்த நாவலாசிரியராவது இதை எழுதினால் நம்ப மாட்டேன் என்று புத்தகத்தை மூடியிருப்பேன்.

1825இல் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா என்பவர் தன் எழுபதாவது வயதில், தன் பால்பண்ணையில் வேலை செய்த இருபது சொச்சம் வயதுப் பெண்ணை மணந்தார் என்றும் ஒரு கதை உண்டு. அதுவும் உண்மைதான். ஆனால் அவர் பேரனட், அதாவது ‘சர்’ பட்டக்காரர், பிரபு அல்ல. கடனாளியும் அல்ல. அதனால் உங்கள் கேள்விக்குள் வராது.

கடைசியாக, கடன் பிரிவு ஆள் கேட்காமல் விடமாட்டாள்: போலஸில் வீடு பிடித்து, குடும்பம் நடத்தி, லண்டனில் இரண்டாவது கல்யாணம் செய்ய ஹென்றிக்கு ஈடாக எது இருந்தது? பெரியப்பாவின் சொத்து 1793வரை கைக்கு வரவில்லை. சாரா வீட்டில் சீர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் எம்மாவின் ஹான்பரி இருந்தது. கல்யாணத்தோடு கணவன் கைக்குப் போன சொத்து விவாகரத்துக்குப் பிறகும் அவளுக்குத் திரும்பவில்லை, அவர் உயிரோடு இருந்தவரை அவரிடமே இருந்தது. ஸ்னெய்டை மணந்த எம்மா சீக்கிரமே விதவையானாள், பிறகு இன்னொருவரை மணந்தாள். பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் மறுபடி கால் வைக்க அவளுக்கு 1804வரை, ஹென்றி சாகும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது.

நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டது கதை எழுதத்தான் என்றால், 1804இல் ஹான்பரி வாசலில் வந்து இறங்குகிற அந்தப் பெண்மணியிலிருந்து ஆரம்பியுங்கள். நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன்.