பல் இம்பிளான்ட்டுக்கான டைட்டானியம் கலவையை எப்படிச் சோதிக்கிறார்கள்?

எவ்வளவு அழுத்தினால் உடையும் என்று பார்ப்பதுதான் சோதனை எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் வேரான இம்பிளான்ட், ஒரே கடியில் உடைவது அரிது. வருடக்கணக்கில் மென்று மென்றுதான் நுண்ணிய விரிசல் விடும்.

அதனால் இதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14801-இன்படி, இம்பிளான்ட்டை 30 டிகிரி சாய்வாகப் பிடித்து, சுற்றியுள்ள எலும்பு 3 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டதுபோலக் கழுத்துப் பகுதியை வெளியே விட்டு, திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். காற்றில் என்றால் 50 லட்சம் சுற்று, உப்புக் கரைசலில் 20 லட்சம். வேண்டுமென்றே மோசமான நிலையை எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் இந்தச் சோதனையின் பலம்.

அடுத்து உலோக அரிப்பு. டைட்டானியத்தைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம். அமிலமும் ஃப்ளோரைடும் சேர்ந்தால் அது பாதிக்கப்படும். எனவே செயற்கை உமிழ்நீரில் ஊறவைத்து, எவ்வளவு உலோக அயனி கசிகிறது என்று அளப்பார்கள். 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் உள்ள கலவையில் இது கட்டாயம் பார்க்க வேண்டியது. வனேடியம் அதிகம் கசிந்தால் செல்களுக்கு நச்சு. இந்த இரண்டும் இல்லாத டைட்டானியம்-சிர்கோனியம் கலவை தூய டைட்டானியத்தைவிட வலுவானது, மெல்லிய இம்பிளான்ட்டுக்கு ஏற்றது.

பிறகு ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலும், விலங்குகளின் எலும்பிலும் சோதிப்பார்கள். எலும்பில் பொருத்திய இம்பிளான்ட் திருகைக் கழற்ற எவ்வளவு முறுக்குவிசை தேவை என்பதை வைத்து எலும்பு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கணிப்பார்கள்.