மூஞ்சிய பாக்காதீங்க, காசு போற பக்கத்த பாருங்க: ஏஐ கிரிப்டோ மோசடி கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல கிரிப்டோ தான், அதுலயும் முக்காவாசி "இது உண்மையா ஏஐயா" ங்கற ரகம். ஒரே மாதிரி வந்தத எல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன், உங்க கேள்வி அப்படியே வரலன்னா கோச்சுக்காதீங்க.

நிதி அமைச்சர் பேசுற வீடியோ ஃபேஸ்புக்ல வருது. இருபதாயிரம் போட்டா மாசம் லட்சக்கணக்குல வருமாம். வாய் அசைவு கூட சரியா இருக்கே?

பொய்ங்க. நிர்மலா சீதாராமன் பேர்ல இந்த மாதிரி வீடியோ வர்றதும், மத்திய அரசோட செய்தி சரிபார்க்குற பிரிவான பிஐபி ஃபேக்ட் செக் அது போலின்னு சொல்றதும் பல தடவை நடந்தாச்சு. ஆனா நீங்க வாய் அசைவ பாத்தீங்க பாருங்க, அத முதல்ல விட்ருங்க. கண்ணு சிமிட்டுதா, பல்லு சரியா இருக்கான்னு பாத்து கண்டுபிடிச்சதெல்லாம் ஒரு காலம், இப்ப மொபைல் ஸ்கிரீன்ல நானே பாத்தாலும் ஏமாறுவேன். பிட்காயின் பெருசா வாங்கி வச்சிருக்க மைக்கேல் சேலர் 2024 ஜனவரில சொன்னாரு, அவர் மூஞ்சிய போட்டு வர்ற போலி யூடியூப் வீடியோவ அவர் டீம் ஒரு நாளைக்கு 80 வரைக்கும் தூக்குதாம், தூக்க தூக்க வந்துகிட்டே இருக்காம். இன்னொன்னு, 2020 ஜூலைல ஒபாமா, பில் கேட்ஸ், எலான் மஸ்க் இவங்களோட நிஜ ட்விட்டர் அக்கவுண்ட்டையே ஹேக் பண்ணி "பிட்காயின் அனுப்புங்க, டபுளா திருப்பி தர்றேன்"னு போட்டாங்க, அதுல ஏஐயே கிடையாது, அக்கவுண்ட்டும் ஒரிஜினல், அப்பவும் சில மணி நேரத்துல ஒரு லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதனால வீடியோ நிஜமா போலியாங்கற கேள்வியே இங்க வேணாம். நிஜமாவே அமைச்சரே உக்காந்து பேசுனாலும், முன்பின் தெரியாத லிங்க்ல காசு போடுன்னு சொன்னா போடக்கூடாது, அவ்ளோதான்.

டெலிகிராம்ல ஏஐ டிரேடிங் பாட் (தானாவே வாங்கி விக்கிற சாஃப்ட்வேராம்), தினம் 2% தருது. மூவாயிரம் போட்டேன், ஒரு வாரத்துல எடுத்தும் பாத்தேன், அக்கவுண்ட்டுக்கு வந்துச்சு. இப்ப ரெண்டு லட்சம் போடலாமா?

வேணாம் தம்பி, முதல்ல ஒரு கணக்கு போடுவோம். தினம் 2% வட்டி மேல வட்டியா ஓடுனா ஒரு லட்சம் ஒரு வருஷத்துல 13 கோடியே 77 லட்சம் ஆகும். அப்படி ஒரு பாட் கைல இருக்கறவன் எதுக்கு உன் மூவாயிரத்துக்கு டெலிகிராம்ல குரூப் வச்சு குட் மார்னிங் போட்டுட்டு இருக்கான்?

நீ எடுத்த காசு இருக்கே, அது தூண்டில்ல மாட்டுன புழு. சின்ன தொகைய கேட்ட உடனே குடுப்பான், அத நீ நாலு பேருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவ, அந்த நாலு பேரும் போடுவாங்க. ரெண்டு லட்சம் போட்டு அது ஸ்கிரீன்ல ஆறு லட்சமா காட்டும்போது எடுக்க போவ பாரு, அப்ப வரும் "டேக்ஸ் 30% முதல்ல கட்டுங்க"ன்னு. நம்ம ஊர்ல 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி இருக்கறது உண்மை, அதனால தான் இந்த பொய் நல்லா ஒட்டுது. ஆனா அந்த வரிய நீ கவர்மெண்ட்டுக்கு கட்டுவ, எவனோட வாலட்டுக்கும் (கிரிப்டோ வைக்கிற கணக்கு) யூஎஸ்டிடியா (டாலர் விலைய ஒட்டியே இருக்க கிரிப்டோ) அனுப்ப மாட்ட. 1% டிடிஎஸ்ஸும் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) விக்கிற பணத்துல இருந்தே பிடிச்சுப்பாங்க, கைக்காசு கேக்க மாட்டாங்க.

பாட்டுங்கறதும் புதுசு இல்ல. 2016ல வந்த பிட்கனெக்ட்ங்கற கிரிப்டோ திட்டமும் இதே கதைய தான் சொல்லுச்சு, எங்ககிட்ட டிரேடிங் பாட் இருக்குன்னு, 2018 ஜனவரில கடைய மூடுனாங்க, அத ஆரம்பிச்சவர்னு அமெரிக்கா கேஸ் போட்டது சூரத்காரர் சதீஷ் கும்பானி மேல. தென்னாப்பிரிக்காவுல மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல்னு ஒண்ணு, அதுவும் பாட் தான், 29,000 பிட்காயினுக்கு மேல வாங்கி முழுங்குனாங்க. நம்ம பெருந்துறை ஈமு கோழி மோசடிலயாவது பட்டில கண்ணால பாக்க ஒரு கோழி நின்னுச்சு, இங்க அதுவும் இல்ல.

யூடியூப்ல ஒருத்தர் ஏஐ வச்சு எழுதுன ஆர்பிட்ரேஜ் பாட் (ஒரு எடத்துல கம்மிக்கு வாங்கி இன்னொரு எடத்துல அதிகத்துக்கு விக்கிறது) கோட ஃப்ரீயா குடுக்கறாரு. நான் சிஎஸ் படிக்கிறேன், கோட் பாத்தா ஒழுங்கா தான் இருக்கு.

முழுசா படிச்சியா? ரீமிக்ஸ்ல (ஈத்தரியம் கோட் எழுதி ஓட்டுற சைட்) பேஸ்ட் பண்ணி டிப்ளாய் பண்ணு, கொஞ்சம் ஈத்தர் (அந்த நெட்வொர்க்கோட கிரிப்டோ) போடு, ஸ்டார்ட் அமுக்குன்னு தான சொல்றாரு? அந்த கோட்ல திருடனோட வாலட் அட்ரஸ துண்டு துண்டா வெட்டி வேற வேற ஃபங்ஷன்ல ஒளிச்சு வச்சிருப்பாங்க, ஸ்டார்ட் அமுக்குனா அதெல்லாம் ஒட்டிகிட்டு உன் ஈத்தர் மொத்தமும் அங்க போய்டும். பேசுற ஆளும் பல நேரம் ஏஐ பொம்மை, கீழ "தேங்க்ஸ் ப்ரோ வொர்க் ஆகுது"ன்னு வர்ற கமெண்ட்டும் அவங்களே போட்டது. சிஎஸ் படிக்கிற பசங்க தான் இதுல அதிகம் மாட்றாங்கன்னு எனக்கு தோணும், கோட் தெரியுங்கற தைரியம்.

ஒரு யூடியூப் கமெண்ட்ல ஒருத்தர் தன்னோட 12 வார்த்தை சீட் ஃப்ரேஸ (வாலட்ட திறக்குற சாவி மாதிரி) தெரியாம போட்டுட்டு ஹெல்ப் கேக்கறாரு. போட்டு பாத்தேன், உள்ள நிஜமாவே யூஎஸ்டிடி இருக்கு. எடுக்கலாமா?

திருடனுக்கே வச்ச பொறிங்க அது! உள்ள யூஎஸ்டிடி இருக்கும், அனுப்ப ஃபீஸா கட்டுற டிஆர்எக்ஸ்ங்கற கிரிப்டோ மட்டும் இருக்காது. நீங்க கொஞ்சம் டிஆர்எக்ஸ் போடுவீங்க. ஆனா அந்த வாலட்டோட பர்மிஷன வேற அட்ரஸுக்கு மாத்தி வச்சிருப்பாங்க, சீட் ஃப்ரேஸ் கைல இருந்தும் நீங்க எதையும் நகத்த முடியாது, நீங்க போட்டது மட்டும் அவனுக்கு. அடுத்தவன் காச எடுக்க போனேன்னு ஸ்டேஷன்லயும் சொல்ல முடியாது பாருங்க, அதான் இதுல அழகு.

மேட்ரிமோனில பழக்கம், சிங்கப்பூர்ல இருக்காங்க. அடிக்கடி வீடியோ கால்ல பேசியிருக்கோம், அதனால ஆள் நிஜம் தான். கிரிப்டோல போட சொல்லி தர்றாங்க.

சார், மனசு கஷ்டப்படும், ஆனா சொல்றேன். வீடியோ கால்ல மூஞ்சி தெரிஞ்சா ஆள் நிஜம்ங்கறது இப்ப செல்லாது. 2024ல ஹாங்காங்ல ஆரப்ங்கற இன்ஜினியரிங் கம்பெனி ஊழியர் ஒருத்தர் வீடியோ கால்ல தன்னோட மேலதிகாரியையும் கூட வேலை பாக்கறவங்களையும் பாத்து பேசிட்டு 20 கோடி ஹாங்காங் டாலர அனுப்பிட்டாரு, அந்த கால்ல இருந்த மத்த எல்லாருமே போலி. லைவ்லயே மூஞ்சிய மாத்துற சாஃப்ட்வேர் இருக்கு.

உங்ககிட்ட பேசுறது பொண்ணா பையனான்னே சொல்ல முடியாது. இந்த மாதிரி சாட் பெரும்பாலும் மியான்மர் மியாவாடி, கம்போடியா பக்கம் இருக்க கேம்ப்புல இருந்து தான் நடக்குது, தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு நம்பி போன நம்ம தமிழ்நாட்டு பசங்களயே அங்க அடைச்சு வச்சு, அடிச்சு, இந்த வேலைய பண்ண வச்சாங்க. மாசக்கணக்கா பேசி, சாப்டீங்களான்னு கேட்டு, அப்புறம் தான் காசு பேச்சே வரும், சீனாவுல இதுக்கு பன்னிய கொழுக்க வச்சு வெட்றதுன்னே பேரு. அவங்க குடுத்த ஆப்ல இருந்து மொத்தத்தையும் எடுக்க பாருங்க. டேக்ஸ், டெபாசிட்னு மேல காசு கேட்டா அதோட தெரிஞ்சுரும், அதுக்கப்புறம் ஒரு ரூபா போடாதீங்க.

துபாய்ல இருக்க தம்பி வாய்ஸ் நோட் அனுப்பி அவசரமா யூஎஸ்டிடி கேட்டான். குரல் அவனே தான்.

கட் பண்ணிட்டு அவனோட பழைய நம்பருக்கு நீங்களா கூப்பிடுங்க அக்கா. எடுக்கலன்னா அவன் ரூம்மேட்டுக்கு. இன்ஸ்டால போட்ட சின்ன ரீல்ஸ் போதும் குரல காப்பி பண்ண. வீட்டுக்குள்ள ஒரு ரகசிய கேள்வி வச்சுக்கோங்க, சின்ன வயசுல வீட்ல இருந்த நாய் பேரு மாதிரி. அந்த நாய் போட்டோவ பேரோட ஃபேஸ்புக்ல போட்டிருந்தீங்கன்னா வேற கேள்வி.

நாலு லட்சம் போச்சு. இப்ப ஒருத்தர் ஏஐ வச்சு பிளாக்செயின்ல (கிரிப்டோ அனுப்புறதெல்லாம் பதிவாகுற கணக்கு) தேடி மீட்டு தர்றேங்கறாரு, ஃபீஸ் 15 ஆயிரம்.

அதே கும்பலா இருக்க சான்ஸ் அதிகம், ஏமாந்தவங்க லிஸ்ட்டே விலைக்கு போகுது. பிளாக்செயின்ல காசு எங்க போச்சுன்னு பாக்க முடியும், ஆனா இழுத்து திருப்பிட்டு வர எந்த ஏஐயாலயும் முடியாது, நடுவுல ஒரு எக்ஸ்சேஞ்ச்சோ (கிரிப்டோ வாங்கி விக்கிற கம்பெனி) பேங்க்கோ நிறுத்துனா தான் உண்டு. அதுக்கு சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, இல்ல cybercrime.gov.inல புகார் போடுங்க, ரெண்டும் ஃப்ரீ. யூபிஐ டிரான்சாக்ஷன் நம்பர், வாலட் அட்ரஸ், சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைங்க, கோவத்துல சாட்ட அழிச்சுட்டு வர்றவங்க தான் நிறைய பேரு. ஒரு மணி நேரத்துக்குள்ள சொன்னா பேங்க்ல நிறுத்த வாய்ப்பு இருக்கு, உங்களுது நாலு மாசம் ஆச்சுங்கறீங்க, இருந்தாலும் போடுங்க, அந்த அக்கவுண்ட்ல இன்னொருத்தர் காசு இன்னைக்கு வந்துட்டு இருக்கும்.

ஒரு லிங்க் வந்தா சாட்ஜிபிடி கிட்டயே ஸ்கேமான்னு கேட்டுக்கலாமா?

கேளுங்க, மெசேஜ படிச்சு சந்தேகமா இருக்குன்னு நல்லாவே சொல்லும். சரியா இருக்குன்னு சொன்னா மட்டும் நம்பாதீங்க, நேத்து ஆரம்பிச்ச சைட்ட பத்தி அதுக்கு என்ன தெரியும். அப்புறம் போன வாரம் ஒருத்தர் "என் வாலட் சேஃபா பாரு"ன்னு சீட் ஃப்ரேஸ் பன்னெண்டையும் அங்க டைப் பண்ணிட்டு என்கிட்ட வந்து சொல்றாரு. புது வாலட் போட்டு எல்லாத்தையும் மாத்துங்கன்னு அனுப்பி வச்சேன், இன்னும் மாத்துனாரான்னு தெரியல.