நெற்றிப்பொட்டு வலிக்கு டாப்ளர்: அதுவரை மாத்திரையைத் தள்ளிப்போடலாமா?

கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த 40 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை அம்மாவுக்கு இப்போதே ஏதாவது சாப்பிட வைத்துக் கொடுங்கள். கொடுத்த கையோடு, கண் மருத்துவர் இருக்கும் அவசரப் பிரிவுக்கு இன்றே அழைத்துப் போங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் ஸ்டீராய்டு எதற்கு என்று, பத்து நாள் கழித்துக் கிடைத்த ஸ்கேன் தேதிவரை மாத்திரையை எடுத்து வைத்திருக்கிறீர்கள். இணையத்தில் படித்த ஸ்டீராய்டு பயத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, முந்தாநாள் வலது கண் இரண்டு நிமிடம் மங்கித் தெளிந்ததைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். கடிதத்தில் அவசரமான வரி அது ஒன்றுதான்.

நீங்கள் நினைப்பதுபோல் அது கண்புரை அல்ல. கண்புரை இரண்டு நிமிடம் மறைத்துவிட்டு விலகாது. 72 வயது, மூன்று வாரமாக நெற்றிப்பொட்டில் வலி, சீப்பு பட்டாலே தலைத்தோல் வலிப்பது, மெல்லும்போது தாடை வலித்து நிறுத்தினால் விட்டுவிடுவது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் 92. இத்தனையும் சேர்ந்தால் ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற தமனி அழற்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் வரும் நோய் இது. அழற்சியால் தமனியின் சுவர் உள்பக்கமாகத் தடித்து வழியைக் குறுக்குகிறது. பார்வை நரம்புக்குப் போகும் குழாய்கள் அப்படி அடைபட்டால் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்பாது. மருந்து தொடங்காவிட்டால் அடுத்த கண்ணும் சில நாட்களில், ஓரிரு வாரங்களில் போகக்கூடும். மங்கித் தெளிந்தது அதற்கான முன்னெச்சரிக்கை. அதனால்தான் அவசரப் பிரிவு: அங்கே மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ரத்தக்குழாய் வழியாக, நாளுக்கு 500 முதல் 1000 மி.கி. வரை, மூன்று நாள் செலுத்த முடிவெடுக்கலாம்.

இனி ஸ்கேன். மாத்திரையைத் தள்ளிப்போடாமல் ஸ்கேனை முன்னால் இழுங்கள். ஸ்டீராய்டு தொடங்கினால் நெற்றிப்பொட்டுத் தமனியின் வீக்கம் சில நாட்களிலேயே வடியத் தொடங்கும் என்பது உண்மைதான். முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது. இதே நோய் தாக்கக்கூடிய அக்குள் தமனியில் மாற்றம் இன்னும் நீண்ட நாள் தெரியும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "கரோட்டிட் டாப்ளர்" என்று மட்டும் இருந்தால் கழுத்தில் கொழுப்புப் படிவைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். இருபக்க நெற்றிப்பொட்டுத் தமனி, அதன் முன், பின் கிளைகள், இரண்டு அக்குள் தமனிகள் என்று எழுதி வாங்குங்கள். நெற்றிப்பொட்டுத் தமனி தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதன் சுவரை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு கணக்கில் அளக்கிறார்கள். வயிற்று ஸ்கேனுக்கு உடலில் வைக்கும் ப்ரோபில் (ஒலி அலைக் கருவியில்) இது தெரியாது. 15 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத நேர்கோட்டு ப்ரோப் வேண்டும். ஜெல்லை நிறையப் பூசி, அழுத்தாமல் வைக்க வேண்டும்.

அழற்சி இருந்தால் நிறம் காட்டும் ரத்த ஓட்டத்தைச் சுற்றி ஒரு கருவளையம் தெரியும். அடுத்து ப்ரோபால் அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல குழாய் நசுங்கித் திரையிலிருந்து மறைந்துவிடும். வீங்கிய சுவர் நசுங்காமல் நிற்கும். நெற்றிப்பொட்டுத் தமனியின் பிரதான தண்டில் சுவர் சுமார் 0.4 மி.மீ.க்கு மேல், அக்குளில் 1 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம் வலுக்கும். நிற அளவைக் கூட்டி வைத்தால் நிறம் வழிந்து வளையத்தை மூடிவிடும், குறைத்து வைத்தால் இல்லாத வளையம் தோன்றும். வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிவும் சுவரைத் தடிக்க வைக்கும். ஆகவே இந்த ஸ்கேனில் பழகிய கை முக்கியம்.

கதிர்வீச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் கதிர்வீச்சே இல்லை, ஒலி அலைதான். அம்மாவின் காலில் புடைத்திருக்கும் நரம்புக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. கடையில் வாங்கிக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். அது இந்த அழற்சியை அடக்காது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வரும் ஆபத்து கூடும். சர்க்கரை ஏறும் என்ற உங்கள் பயம் நியாயமானது. வீட்டிலேயே அளந்து எழுதிவையுங்கள், ஏறினால் மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்கேன் இயல்பு என்று வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இத்தனை அறிகுறி இருக்கும்போது ஒரு நல்ல ஸ்கேன் மட்டும் நோயை விலக்கிவிடாது. அடுத்தது பயாப்ஸி, அதாவது தமனியில் ஒரு துண்டை எடுத்துச் சோதிப்பது. ஒரு சென்டிமீட்டராவது எடுக்க வேண்டும், ஏனென்றால் அழற்சி குழாய் நெடுக இல்லாமல் இடம் விட்டு இடம் இருக்கலாம். ஸ்டீராய்டு தொடங்கி ஓரிரு வாரம் ஆனாலும் அதில் தடயம் கிடைக்கும். அதுவரை அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, அழற்சி நோய் மருத்துவர்) மட்டும் முடிவு செய்யட்டும்.