ரத்தத்தில் சரியாக இருக்கும் சர்க்கரை சிறுநீரில் ஏன் வருகிறது?

ஏழாம் மாதக் கர்ப்பிணியான உங்கள் மனைவிக்கு ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கிறது, சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டையில் மட்டும் சர்க்கரை இரண்டு பிளஸ் என்று வந்திருக்கிறது. சிறுநீரகத்தில் இன்சுலின் வேலை செய்யவில்லையா என்று கேட்கிறீர்கள். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் 24 ஆண்டுகளாக ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து வருகிறேன். இப்படி ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு முகம் வெளுத்து நிற்கும் கணவர்கள் எனக்குப் புதிதல்ல.

அந்த இரண்டு பிளஸ்ஸை இன்சுலின் தலையில் கட்ட வேண்டாம். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கிறது. அதோடு ஏறக்குறைய 180 கிராம் சர்க்கரையும் இறங்கிவிடுகிறது. வடிந்த நீர் ஓடும் சிறுநீரக நுண்குழாயின் முதல் வளைவிலேயே எஸ்.ஜி.எல்.டி.2 என்னும் புரதம் அதில் 90 சதவீதத்தை மீட்டு எடுக்கிறது; சற்றுத் தள்ளி எஸ்.ஜி.எல்.டி.1 மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. சோடியம் உள்ளே பாயும் வேகத்தில் சர்க்கரையும் கூடவே ஏறிக்கொள்கிறது. தசையில் நடப்பதுபோல இன்சுலின் வந்து வழிவிடச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் பொதுவாக மீட்க முடியாத மிச்சம் சிறுநீரில் விழ ஆரம்பிக்கும்.

கர்ப்பத்தில் கதை மாறுகிறது. அப்போது சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால், வடிகட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. ஓணத்துக்கு முந்தைய நாள், தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் காய்கறி லாரிகள் வரிசை கட்டும். சாவடியில் ஆட்கள் என்னவோ அதே நாலு பேர்தான். சில லாரிகள் பார்க்கப்படாமலே போய்விடும். வடியும் சர்க்கரை கூடும்போது மீட்கும் புரதங்கள் திணறுவதால் சிறுநீரில் அது தெரிவதும் அப்படித்தான். ஆனாலும் இதைச் சாக்காக வைத்து விட்டுவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை முடிந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை உண்டா இல்லையா என்பதை அதுதான் சொல்லும், சிறுநீர்ப் பட்டை அல்ல.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி. சிறுநீரகத்தில் இன்சுலினுக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் வடிகாலில் அல்ல, அடுப்படியில். சிறுநீரகம் தானே சர்க்கரை தயாரிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் விடியும்போது ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லாக்டேட், குளுட்டமின் போன்றவற்றிலிருந்து அங்கே செய்யப்பட்டதுதான். இன்சுலின் அந்த அடுப்பைத் தணிக்கிறது, அட்ரினலின் தூண்டிவிடுகிறது. சர்க்கரையை ஏற்றச் சொல்லிக் கல்லீரலை ஆட்டிப்படைக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோனின் பேச்சு மட்டும் சிறுநீரகத்தில் அவ்வளவாக எடுபடுவதில்லை.

அதே சிறுநீரகம்தான் இன்சுலினைச் சிதைத்து அப்புறப்படுத்தவும் செய்கிறது. ஊசியில் போகும் இன்சுலினில் கணிசமான பங்கு அங்கேதான் முடிகிறது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும் வீட்டில் கோட்டை விட்டேன்.

என் மாமனாருக்கு இருபது வருடச் சர்க்கரை, இன்சுலின் ஊசி போடுபவர். நாலு வருடத்துக்கு முன்பு திடீரென்று எண்கள் இறங்க ஆரம்பித்தன. யாரோ கொடுத்த வேங்கை மரக் குவளையில் இரவு ஊறிய தண்ணீரைக் குடித்துவந்தார். எல்லாம் அதன் மகிமை என்று தெருவெல்லாம் சொன்னார். மாதாமாதம் அந்த எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தவன் நான்தான், அதுவும் சந்தோஷமாக. ஒரு நாள் விடியற்காலை வேர்வையில் தொப்பலாக நனைந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தார். சர்க்கரை 42. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால் 4.1, மிக அதிகம். ஒரு வருடமாக அதை நான் பார்க்கவே இல்லை. சிறுநீரகம் கெட்டதால் ஊசி இன்சுலின் வெளியேறாமல் தங்கிவிட்டது, அங்கே தயாராகும் சர்க்கரையும் குறைந்துபோயிருந்தது. இரண்டும் சேர்ந்ததைத்தான் நாங்கள் குணமாகிறது என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். மருத்துவர் இன்சுலின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எஸ்.ஜி.எல்.டி.2ஐ வேண்டுமென்றே அடைத்துவைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிறது. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து இங்கேயும் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சிறுநீர்ப் பட்டை எப்போதும் கடைசி நிறத்துக்குத்தான் மாறும். அந்தக் காலமாக இருந்தால், சிறுநீரில் சர்க்கரை பார்க்கப் பயன்படுத்திய பெனடிக்ட் கரைசல் செங்கல் நிறத்தில் பொங்கியிருக்கும். மருந்து வேலை செய்கிறது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. உங்கள் மனைவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கர்ப்பத்தில் இந்த மாத்திரை கொடுப்பதில்லை. 75 கிராம் சோதனையின் சீட்டு கையில் இருந்தால் எண்களைக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.