பள்ளிக்குப் போகும் வழியில் நடைபாதை: மத்திய அரசின் பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: நியூஜெர்சியில் எடிசனுக்கு அருகே வசிக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஒரு மைலுக்குள் இருப்பதால் பள்ளி பஸ் கிடையாது. வழியில் உள்ள கவுண்டி (மாவட்ட நிர்வாக) சாலையில் பாதித் தூரத்துக்கு நடைபாதையே இல்லை. புல் ஓரமாக நடக்க வேண்டும். பனி கொட்டினால் அதற்கும் வழியில்லை. டவுன்ஷிப் (நகராட்சி) கூட்டத்தில் கேட்டோம். "மத்திய அரசு பணம் கொடுத்தால் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிப் பணம் உண்மையில் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் அது உங்கள் சாலைக்கு வர வேண்டுமா என்பதை முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் வாஷிங்டனில் இல்லை. ட்ரென்டனில் உள்ள மாநிலப் போக்குவரத்துத் துறையும், நியூவார்க்கில் உள்ள வட ஜெர்சி போக்குவரத்துத் திட்ட ஆணையமும், உங்கள் கவுண்டியும்தான் முடிவு செய்கின்றன. உங்களுக்குக் கிடைத்த பதிலில் மறைந்திருக்கும் விஷயம் இதுதான்: யாராவது விண்ணப்பிக்காமல் அந்தப் பணம் தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டியது உங்களுக்குப் பதில் சொன்ன அதே டவுன்ஷிப், அல்லது கவுண்டி.

2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் 2022 முதல் 2026 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு நெடுஞ்சாலைத் திட்டங்களுக்கென ஏறத்தாழ 35,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுகிறவர்களையும் முதன்மையாக மனத்தில் வைத்த பங்கு 'போக்குவரத்து மாற்றுவழிகள்' நிதி. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடி டாலர், அதாவது மொத்தத்தில் இரண்டு சதவீதம். நாட்டில் 2022-இல் மட்டும் 7,500-க்கும் அதிகமானோர் நடந்து செல்லும்போது வாகனம் மோதி இறந்திருக்கிறார்கள். சாலை மரணங்களில் ஆறில் ஒன்றுக்கும் மேல் அவர்களுடையது. அப்படியிருக்க இரண்டு சதவீதம் என்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பள்ளிப் பாதைகளுக்கென 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனித் திட்டமே இருந்தது. 2012-இல் அதை மற்றவற்றோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டார்கள். இப்போது பள்ளி நடைபாதை, பழைய ரயில் பாதையில் போடும் சைக்கிள் தடம் எல்லாம் ஒரே தொகைக்குப் போட்டியிடுகின்றன. ஆனாலும் நியூஜெர்சி 'பள்ளிக்குப் பாதுகாப்பான பாதைகள்' என்ற பெயரிலேயே தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. உங்கள் கோரிக்கைக்குப் பொருத்தமான கதவு அது. மாநிலச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை இரண்டு மைலுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பஸ் தர வேண்டிய கட்டாயம் இல்லை. "பஸ்ஸும் இல்லை, நடக்க இடமும் இல்லை" என்பதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பொதுவாக மத்திய அரசு 80 சதவீதம் தரும்; மீதி 20-ஐ உள்ளூர் போட வேண்டும். இந்த 20-ஐக் காட்டித்தான் பல ஊர்கள் பின்வாங்கும். நியூஜெர்சியில் அது பெரிய தடையல்ல. சுங்கச் சாலைகளில் மாநிலம் செய்த முதலீட்டை 'டோல் கிரெடிட்' என்று கணக்கு வைத்து உள்ளூர்ப் பங்குக்கு ஈடாகக் காட்டுவது இங்கே வழக்கம். உண்மையான சிரமம் வேறு. மத்திய அரசு முன்பணம் தராது. ஊர் முதலில் செலவு செய்து, பில்லைக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு, ஊதிய விதிகள், அமெரிக்க இரும்பையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் கூடவே வரும். முந்நூறு அடி நடைபாதைக்கு இத்தனை காகிதமா என்று டவுன்ஷிப் பொறியாளர் தயங்கினால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போது மாநிலத்தின் சொந்தப் பணத்தில் ஆண்டுதோறும் வழங்கப்படும் நகராட்சி உதவி மானியத்தைக் கேளுங்கள். சிறிய வேலைக்கு அதுவே வேகமான வழி. ஆனால் சாலை கவுண்டியுடையது என்பதால் கவுண்டியின் சம்மதமும் வேண்டும். அதனால் டவுன்ஷிப் கூட்டத்தோடு நிற்காமல் கவுண்டிப் பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

விண்ணப்பம் தோற்றாலும் வீணாகாது. 'போக்குவரத்து மாற்றுவழிகள்' நிதியில் 59 சதவீதம் மக்கள்தொகைக் கணக்கில் அந்தந்தப் பகுதிகளுக்கே போக வேண்டும். மீதியிலிருந்து மாநிலம் வேறு சாலை வேலைகளுக்குப் பணத்தை மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் 2021 சட்டத்தின்படி, போட்டி நடத்தினோம், ஊர்களுக்கு உதவி செய்தோம், தகுதியான விண்ணப்பங்கள் போதவில்லை என்று மாநிலம் சான்று கொடுத்த பிறகே மாற்ற முடியும். மேசையில் நல்ல விண்ணப்பங்கள் இருக்கும்வரை அந்தச் சான்றைக் கொடுப்பது கடினம்.

இன்னொரு விதியையும் கவுண்டிக்கு நினைவூட்டுங்கள். ஒரு மாநிலத்தின் சாலை மரணங்களில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், மத்திய சாலைப் பாதுகாப்பு நிதியில் குறைந்தது 15 சதவீதத்தை அவர்களுக்காகவே செலவிட வேண்டும். நியூஜெர்சி அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. விபத்துப் பதிவுகள் உள்ள சாலையானால் இந்த வழி பள்ளி மானியத்தைவிட வலுவானது. உங்கள் சாலையின் விபத்து விவரங்களைப் போலீஸிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் கேட்பீர்கள் என்றால், மானியத்தின் பெயர்களைத் துரத்தாதீர்கள், அந்தச் சாலைக்கு அடுத்து எப்போது தார் போடப் போகிறார்கள் என்று கேளுங்கள் என்பேன். நடைபாதைக்கு 'நடைபாதை நிதி' மட்டுமே பயன்படும் என்பது பரவலான தவறான எண்ணம். சாலைகளுக்கு வரும் பொது மத்திய நிதியிலேயே நடைபாதையும் சைக்கிள் தடமும் போடலாம். சாலையைச் சீரமைக்கும்போதே சேர்த்தால் ஒப்பந்ததாரர், ஆய்வு, போக்குவரத்தைத் திருப்பிவிடும் செலவு எல்லாம் ஒன்றாகிவிடும். மேலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 2013-இல் நீதித்துறையும் போக்குவரத்துத் துறையும் வெளியிட்ட விளக்கப்படி, ஏற்கனவே நடைபாதை உள்ள இடத்தில் சாலைக்குப் புதுத் தார் போட்டால் சந்திப்புகளில் சக்கர நாற்காலி ஏறும் சரிவுகளையும் அமைத்தே ஆக வேண்டும். இல்லாத நடைபாதையைப் போடச் சொல்லி அந்த விளக்கம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வரைபடம் போடும் நேரம்தான் நீங்கள் பேச வேண்டிய நேரம். தார் லாரி வந்த பிறகு அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் ஆகலாம்.

மத்திய நிதியில் நடக்கும் வேலைகள் வட ஜெர்சி போக்குவரத்துத் திட்ட ஆணையத்தின் மேம்பாட்டுத் திட்டப் பட்டியலில் இடம்பெற வேண்டும். பட்டியல் வரைவு நிலையில் பொதுமக்கள் கருத்துக்கு வரும். உங்கள் சாலையின் பெயரைத் தேடிப் பாருங்கள். இருந்தால் நடைபாதை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். தமிழ்ச் சங்க நண்பர்களும் மற்ற பெற்றோரும் தனித்தனியே எழுதட்டும். பள்ளி முதல்வரின் கடிதம் ஒன்றும் வேண்டும்.

சாலையோர வீட்டுக்காரர்கள் எதிர்க்கக்கூடும். நடைபாதை வந்தால் பனி அள்ளும் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்பது அவர்களுடைய கவலை. கூட்டத்துக்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.

கடைசியாக, 'அறிவிப்பு' வந்ததும் கொண்டாட வேண்டாம். முறையாக ஒப்பந்தமாகி ஒதுக்கப்பட்ட பணம்தான் உறுதியான பணம். 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம், அறிவித்தும் ஒதுக்கப்படாமல் கிடந்த சில அண்டைப்பகுதி இணைப்பு மானியங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021 சட்டத்தின் காலமும் 2026 செப்டம்பர் 30 வரைதான். எனவே டவுன்ஷிப்பிடம் "எப்போது விண்ணப்பிப்பீர்கள்" என்பதோடு "எந்தத் தேதிக்குள் ஒதுக்கீடு முடியும்" என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.